படைவீரரிடம் எந்த மாநிலம் வரி வாங்கலாம்? அமெரிக்க மாநில வரிச் சலுகைகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

தமிழ்நாட்டில் வேலை பார்த்தவர்களுக்கு வருமான வரி என்றால் மத்திய அரசோடு கணக்கு முடிந்துவிடும். மாநில அரசுக்கென்று தனியாக வருமான வரிக் கணக்கு யாரும் தாக்கல் செய்வதில்லை. அமெரிக்காவில் அப்படியில்லை. ஃபெடரல் அரசுக்கு ஒரு வருமான வரி, வாழும் மாநிலத்துக்கு இன்னொன்று. அதற்கு மேல் வீட்டுக்குச் சொத்து வரி. வர்ஜீனியா போன்ற மாநிலங்களில் காருக்கும் ஆண்டுதோறும் வரி உண்டு. அலாஸ்கா, ஃப்ளோரிடா, நெவாடா, நியூ ஹாம்ப்ஷயர், தெற்கு டகோட்டா, டென்னசி, டெக்சாஸ், வாஷிங்டன், வயோமிங் என்ற 9 மாநிலங்களில் மட்டும் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. மற்றவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். பென்சில்வேனியாவில் எல்லோருக்கும் ஒரே விகிதம், 3.07 சதவீதம். கலிஃபோர்னியாவில் வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறி 12.3 சதவீதத்தைத் தொடும்.

சாதாரணக் குடிமகன் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது அவர் விருப்பம். ராணுவத்தில் இருப்பவருக்கு அந்த விருப்பம் இல்லை. இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உத்தரவு வரும். நேற்று டெக்சாஸ், இன்று வர்ஜீனியா, அடுத்து கலிஃபோர்னியா. போகும் இடமெல்லாம் அந்தந்த மாநிலம் வரி கேட்டால் என்ன ஆவது? படைவீரர்களுக்கான மாநில வரிச் சலுகைகள் எல்லாவற்றுக்கும் வேர் இந்தக் கேள்விதான். 'எனக்கு எவ்வளவு தள்ளுபடி' என்று கேட்பதற்கு முன்னால் 'என்னிடம் வரி கேட்க எந்த மாநிலத்துக்கு உரிமை இருக்கிறது' என்று கேட்க வேண்டும். பலரும் இரண்டாவது கேள்வியைக் கேட்காமலே போவதால்தான் பணத்தை இழக்கிறார்கள்.

இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. அமெரிக்க ராணுவம் 2008-ல் தொடங்கி 2016 வரை ஆள் சேர்த்த 'மாவ்னி' திட்டத்தில், தேவைப்படும் மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. மாணவர் விசாவிலும் வேலை விசாவிலும் இருந்தவர்கள் அந்த வழியாகப் படையில் சேர்ந்து குடியுரிமை பெற முடிந்தது. கிரீன் கார்டு வைத்துக்கொண்டு சேர்ந்தவர்கள் உண்டு. அங்கேயே பிறந்து வளர்ந்து சேர்ந்த அடுத்த தலைமுறையும் உண்டு. படையில் இருப்பவரை மணந்துகொண்டு ஐ.டி. வேலை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலருடைய குடும்பத்தில் இதற்கு முன் யாரும் ராணுவத்தில் இருந்ததில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஒரு பெரியவர் இல்லை.

உங்கள் மாநிலம் எது?

1940-ல் அமெரிக்க நாடாளுமன்றம் படைவீரர்களுக்கான சிவில் பாதுகாப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. 1942-ல் வரி பற்றிய பிரிவு அதில் சேர்ந்தது. உலகப் போருக்காக லட்சக்கணக்கானோர் மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. 2003-ல் அந்தச் சட்டம் புதுப்பித்து எழுதப்பட்டது. இன்று எல்லோரும் 'எஸ்சிஆர்ஏ' என்று சொல்வது அதைத்தான்.

அது சொல்வது இதுதான்: ராணுவ உத்தரவின்படி ஒரு மாநிலத்தில் இருப்பதனால் மட்டும் ஒருவர் அந்த மாநிலத்து வாசி ஆகிவிட மாட்டார், உத்தரவின்படி சொந்த மாநிலத்தை விட்டுப் போனதனால் மட்டும் அந்த வசிப்புரிமையை இழக்கவும் மாட்டார். டெக்சாஸ்வாசி ஒருவர் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் 4 ஆண்டு கடற்படையில் இருந்தாலும் அவருடைய ராணுவச் சம்பளத்தில் கலிஃபோர்னியா கைவைக்க முடியாது. டெக்சாஸில் வருமான வரியே இல்லை. ஆகவே மாநில வரி பூஜ்யம்.

டெக்சாஸ் வரி வாங்கவில்லை என்றால் கலிஃபோர்னியா வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். அந்த வாதம் 1953-லேயே உச்ச நீதிமன்றத்தில் தோற்றுவிட்டது. லூசியானாவைச் சேர்ந்த டேமரன் என்ற விமானப்படை அதிகாரி கொலராடோவின் டென்வரில் பணியில் இருந்தார். அவர் வாடகை வீட்டில் வைத்திருந்த சாமான்களுக்கு டென்வர் நகரம் வரி போட்டது. லூசியானா அந்தப் பொருட்களுக்கு வரி போட்டிருக்கவில்லை. அதனால் இரட்டை வரி என்ற பேச்சுக்கே இடமில்லை, நாங்கள் வாங்கலாம் என்றது டென்வர். நீதிமன்றம் ஏற்கவில்லை. சொந்த மாநிலம் வரி வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பணிக்காக வந்திருக்கும் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது.

இதே விதி இன்று காருக்கும் பொருந்துகிறது. வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் பெரிய கடற்படைத் தளம் இருக்கிறது. அங்கே நகராட்சி கார் வரிக்கு பில் அனுப்பும். வேறு மாநிலத்தை வசிப்பிடமாகக் கொண்ட படைவீரர், தன் சம்பளச் சீட்டில் இருக்கும் மாநிலத்தைக் காட்டினால் அந்த வரியிலிருந்து விலக்குப் பெறலாம். காட்டாவிட்டால் பில் வந்துகொண்டேதான் இருக்கும்.

மூன்று எல்லைகளை நினைவில் வையுங்கள். பாதுகாப்பு ராணுவச் சம்பளத்துக்குத்தான். வார இறுதியில் வெளியே வேறு வேலை பார்த்துச் சம்பாதித்தால் வேலை பார்த்த மாநிலம் அதற்கு வரி வாங்கலாம். ஆனால் அந்த வரியின் விகிதத்தை உயர்த்துவதற்காக உங்கள் ராணுவச் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அடுத்து, வீடும் நிலமும் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கேதான் சொத்து வரி. வாடகைக்கு விட்டால் அந்த வாடகைக்கும் அங்கே வரி. கடைசியாக, பணியிலிருந்து வெளியே வந்த நாளோடு இந்தப் பாதுகாப்பு முடிந்துவிடும்.

வசிப்பிடத்தை மாற்றுவது

படையில் சேரும்போது கொடுத்த ஊர் 'ஹோம் ஆஃப் ரெக்கார்ட்' என்று பதிவாகும். பணி முடிந்து திரும்பும்போது பயணச் செலவு கணக்கிடுவது போன்றவற்றுக்கு அது பயன்படும். வரிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. வரிக்கு வேண்டியது சட்டபூர்வ வசிப்பிட மாநிலம். தொடக்கத்தில் இரண்டும் ஒன்றாக இருப்பதால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது மாறாது. இரண்டாவதை மாற்றலாம், டிடி 2058 என்ற படிவத்தை நிதிப் பிரிவில் கொடுத்து.

படிவம் கொடுத்தால் மட்டும் போதுமா? போதாது. புதிய மாநிலத்தில் நீங்கள் உண்மையாகவே வந்து இருந்திருக்க வேண்டும். அதையே நிரந்தர ஊராகக் கொள்ளும் எண்ணமும், அந்த எண்ணத்துக்குச் சாட்சியாகச் செயல்களும் வேண்டும். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு, வண்டிப் பதிவு, உயிலில் எழுதியிருக்கும் மாநிலம் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். சம்பளச் சீட்டில் ஃப்ளோரிடா, வாக்குப் பதிவு வட கரோலினாவில், சொந்த வீட்டுக்கான சொத்து வரிச் சலுகை ஜார்ஜியாவில் என்று இருந்தால், பழைய மாநிலம் கேள்வி கேட்கும்போது பதில் இருக்காது. வரி இல்லை என்பதற்காகக் கால் வைக்காத மாநிலத்தைத் தனி ஆளாக எழுதிக்கொடுப்பது சட்டப்படி செல்லாது. கூட இருப்பவர்கள் 'எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்' என்று சொன்னாலும் செய்யாதீர்கள்.

மாற்றாமல் பழைய மாநிலத்திலேயே இருந்தாலும் சலுகை இல்லாமல் இல்லை. இல்லினாய், மிச்சிகன், கென்டக்கி ஆகியவை தங்கள் வாசிகளின் ராணுவச் சம்பளத்துக்கு மாநில வரி வாங்குவதில்லை. பென்சில்வேனியா, தன் எல்லைக்கு வெளியே முழுநேரப் பணியில் சம்பாதித்ததை விட்டுவிடுகிறது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்தவர் நிரந்தர மாற்றல் உத்தரவில் வெளி மாநிலம் போனால் அவரை வெளியாளாகவே கணக்கில் கொள்கிறது.

நியூ ஜெர்சி கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியது. தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் மாநிலம்; அங்கிருந்து படையில் சேரும் இளைஞர்கள் வழுக்கி விழுவதும் இந்த இடத்தில்தான். நியூ ஜெர்சிவாசி ஒருவர் மூன்று நிபந்தனைகளை ஒருசேர நிறைவேற்றினால் வரிக்கு வெளியாள் ஆகிவிடலாம்: நியூ ஜெர்சியில் நிரந்தர வீடு இருக்கக் கூடாது, வெளியே நிரந்தர வீடு இருக்க வேண்டும், ஆண்டில் 30 நாளுக்கு மேல் நியூ ஜெர்சியில் தங்கியிருக்கக் கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ராணுவம் கொடுக்கும் பேரக்ஸ் அறையும் கப்பலில் கிடைக்கும் படுக்கையும் 'நிரந்தர வீடு' என்ற கணக்கில் வராது. டெக்சாஸ் முகாமில் பேரக்ஸில் தங்கியிருக்கும் 20 வயதுப் பையன், ஆண்டு முழுக்க நியூ ஜெர்சி பக்கம் வராவிட்டாலும், அந்த மாநிலத்துக்கு வரி கட்ட வேண்டியவன். அதே முகாமில் வெளியே வீடெடுத்து மனைவியோடு இருக்கும் அவனுடைய சார்ஜென்ட் மூன்று நிபந்தனைகளையும் நிறைவேற்றினால் கட்ட வேண்டாம். நியூயார்க்கிலும் ஏறக்குறைய இதே விதிதான். குறைந்த சம்பளக்காரன் கட்டுவதும் கூடுதல் சம்பளக்காரர் விடுபடுவதும் எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் இன்றைய சட்டம் இது. தெரியாமல் சில ஆண்டுகள் விட்டுவிட்டால் வட்டியும் அபராதமும் சேர்ந்து நிற்கும்.

கணவன் அல்லது மனைவியின் சம்பளம்

2009 வரை இது பெரிய குறையாகவே இருந்தது. படைவீரருக்குப் பாதுகாப்பு உண்டு. அவரோடு ஊர் ஊராக அலையும் துணைக்கு இல்லை. அந்த ஆண்டு நவம்பரில் ராணுவத் துணைவர் வசிப்பிட நிவாரணச் சட்டம் வந்தது. 2018-ல் அது விரிந்தது. 2023 ஜனவரியில் கையெழுத்தான இன்னொரு சட்டம் இன்னும் தாராளமானது: திருமணமான இணையர், வரிக்காக மூன்றில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். படைவீரரின் வசிப்பிட மாநிலம், துணையின் வசிப்பிட மாநிலம், அல்லது இப்போது நிரந்தரப் பணியிடம் இருக்கும் மாநிலம். திருமணம் எப்போது நடந்தது என்பது பொருட்டில்லை. இந்த இணையர் விஷயத்தில், துணை அந்த மாநிலத்தில் ஒரு நாளாவது இருந்திருக்க வேண்டும் என்ற பழைய கட்டாயமும் போய்விட்டது.

இது எவ்வளவு பெரிய சலுகை என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கணவர் கடற்படையில், வசிப்பிடம் டெக்சாஸ், பணி சான் டியேகோவில். மனைவி அங்கேயே மென்பொருள் நிறுவனத்தில் ஆண்டுக்கு 1,20,000 டாலர் வாங்குகிறார். சாதாரணமாக கலிஃபோர்னியாவுக்குப் பல ஆயிரம் டாலர் போகும். கணவரோடு இருப்பதற்காகவே அவர் அங்கே இருக்கிறார், வரிக்கு டெக்சாஸைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்றால் அந்தச் சம்பளத்துக்கும் கலிஃபோர்னியா வரி கிடையாது. படைவீரரின் சம்பளத்தில் மிச்சமாவதைவிடத் துணையின் சம்பளத்தில் மிச்சமாவது பெரிதாக இருக்கும் குடும்பங்கள் நம்மவர்களிடையே நிறைய.

இதைத் தானாக யாரும் கொடுப்பதில்லை. மனைவி வேலை பார்க்கும் நிறுவனத்தில், மாநில வரிப் பிடித்தம் வேண்டாம் என்று அந்த மாநிலத்துப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். வர்ஜீனியாவில் விஏ-4 படிவத்திலேயே இதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. ராணுவத் துணைவர் அடையாள அட்டையின் நகல், கணவரின் சம்பளச் சீட்டு ஆகியவற்றையும் கேட்பார்கள். சின்ன நிறுவனங்களில் மனிதவளப் பிரிவுக்கே இந்தச் சட்டம் தெரிந்திருக்காது. பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள் என்றால் ஆண்டு முடிந்ததும் அந்த மாநிலத்தில் வெளியாளாக வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். ஒன்று மட்டும் கவனம். கணவருக்கு வேறு மாநிலத்துக்கு மாற்றல் வந்து, மனைவி தன் வேலைக்காக அங்கேயே தங்கிவிட்டால், அல்லது கணவர் ஓய்வு பெற்றுவிட்டால், கதை மாறும். வசிப்பிடக் கேள்வியை அன்றே மறுபடி கேட்க வேண்டும்.

ஓய்வூதியமும் இழப்பீடும் ஒன்றல்ல

வெளியே வந்தவர்களுக்கு வருவோம். இங்கே மூன்று வகை மனிதர்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 4, 6 ஆண்டு பணியாற்றி வெளியேறியவர். 20 ஆண்டோ அதற்கு மேலோ பணியாற்றி ஓய்வூதியம் வாங்குபவர். பணியில் ஏற்பட்ட உடல் அல்லது மனப் பாதிப்புக்காக வெட்டரன்ஸ் அஃபேர்ஸ் துறையிடம், சுருக்கமாக விஏ-விடம், மாதாமாதம் இழப்பீடு வாங்குபவர். ஒருவரே இரண்டு வகையிலும் வரலாம்.

விஏ இழப்பீட்டுக்கு ஃபெடரல் வரியும் இல்லை, எந்த மாநிலத்திலும் வரி இல்லை. வரிக் கணக்கில் அதைக் காட்டவே தேவையில்லை. இதில் ஐயத்துக்கு இடமே கிடையாது.

ராணுவ ஓய்வூதியத்துக்கு ஃபெடரல் வரி உண்டு. மாநில வரி, நீங்கள் வாழும் மாநிலத்தைப் பொறுத்தது. ஒரு காலத்தில் மாநிலங்கள் இதில் பாரபட்சம் காட்டின: தங்கள் சொந்த அரசு ஊழியர்களின் ஓய்வூதியத்துக்கு வரி இல்லை, ஃபெடரல் ஓய்வூதியத்துக்கு மட்டும் வரி. மிச்சிகனில் டேவிஸ் என்ற ஓய்வு பெற்ற ஃபெடரல் ஊழியர் வழக்குப் போட்டு, 1989-ல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். ஆனாலும் கான்சாஸ், ராணுவ ஓய்வூதியம் வேறு வகையானது, அது குறைந்த சம்பளத்தோடு தொடரும் பணி போன்றது என்று வாதாடிப் பார்த்தது. 1992-ல் பார்க்கர் வழக்கில் நீதிபதிகள் ஒருமனதாக அதை நிராகரித்தார்கள். அதற்குப் பிறகு மாநிலங்களுக்கு இரண்டே வழி: இருவருக்கும் வரி, அல்லது ராணுவத்தினருக்கும் விலக்கு. 1996-ல் வந்த ஒரு ஃபெடரல் சட்டம் இன்னொரு தொல்லையையும் ஒழித்தது. முன்பு வேலை பார்த்த மாநிலம், இப்போது வேறு மாநிலத்தில் வாழ்பவரின் ஓய்வூதியத்துக்கு வரி கேட்கக் கூடாது என்றானது.

கடந்த சில ஆண்டுகளில் விலக்கு வேகமாகப் பரவியது. அரிசோனா, வட கரோலினா 2021-ல். இந்தியானா, நெப்ராஸ்கா, ஓக்லஹோமா, தென் கரோலினா 2022-ல். ரோட் ஐலண்ட் 2023-ல் என்று ராணுவ ஓய்வூதியத்தை வரியிலிருந்து விலக்கின. வட கரோலினாவில் 20 ஆண்டு பணி அல்லது மருத்துவக் காரணத்தால் ஓய்வு என்ற நிபந்தனை உண்டு. தேசபக்தி மட்டும் இதற்குக் காரணமில்லை. 18 வயதில் சேர்ந்தவர் 38-ல் ஓய்வு பெறுகிறார். கையில் தொழில் தெரியும், ஒழுங்கு தெரியும், மாதாமாதம் ஓர் உறுதியான வருமானமும் உண்டு. இன்னும் 25 ஆண்டு உழைக்கக் கூடிய இப்படி ஓர் ஆளைத் தன் மாநிலத்தில் இருத்திக்கொள்ள எந்த ஆளுநருக்குத்தான் ஆசை இருக்காது? பக்கத்து மாநிலம் விலக்குக் கொடுத்தால் இவர்களும் கொடுக்க வேண்டியதாகிறது.

வர்ஜீனியா இதைப் படிப்படியாகச் செய்தது. 2022-ல் 10,000 டாலர் வரை கழிவு, பிறகு ஆண்டுக்கு 10,000 கூட்டி, 2025 முதல் 40,000 டாலர். தொடக்கத்தில் 55 வயது ஆனவர்களுக்கு மட்டும் என்றிருந்ததை 2024-ல் எடுத்துவிட்டார்கள். நல்ல முடிவு. 38 வயதில் ஓய்வு பெற்றவரை 17 ஆண்டு காத்திரு என்பதில் பொருளே இல்லை. ஆண்டுக்கு 30,000 டாலர் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வெளியேயும் வேலை பார்ப்பவருக்கு, மாநிலத்தின் உச்ச விகிதமான 5.75 சதவீதக் கணக்கில் 1,725 டாலர் மிச்சம்.

கலிஃபோர்னியாதான் கடைசி வரை முழு வரி வாங்கியது. 2025 வரி ஆண்டிலிருந்து 20,000 டாலர் வரை விலக்கு வந்திருக்கிறது, அதுவும் 2029 வரைக்குமே. தனி ஆளாகத் தாக்கல் செய்பவரின் வருமானம் 1,25,000 டாலரையும், தம்பதியாகத் தாக்கல் செய்பவர்களின் வருமானம் 2,50,000 டாலரையும் தாண்டக் கூடாது.

ஓய்வு பெற்ற புதிதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று. பணியில் இருந்தபோது மாநில வரி சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டது. ஓய்வூதியத்தில், நீங்களாகக் கேட்டுக்கொண்டால் ஒழிய மாநில வரி பிடிக்க மாட்டார்கள். வரி வாங்கும் மாநிலத்தில் குடியேறிவிட்டு இதைக் கவனிக்காமல் விட்டால், ஏப்ரலில் மொத்தமாகக் கட்ட வேண்டி வரும்.

6 ஆண்டில் வெளியேறியவருக்கு இந்த ஓய்வூதிய விலக்கால் ஒரு பயனும் இல்லை. படையில் சேர்பவர்களில் பெரும்பாலோர் 20 ஆண்டை எட்டுவதில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 'எங்கள் மாநிலம் படைவீரர்களுக்கு வரி போடுவதில்லை' என்று யாராவது சொன்னால், எந்தப் பணத்துக்கு என்று கேளுங்கள். அவருடைய கம்பெனிச் சம்பளம் மற்ற எல்லோருடையதையும் போல வரிக்கு உட்பட்டதே. சில மாநிலங்கள் இவர்களையும் நினைத்துப் பார்க்கின்றன. நியூ ஜெர்சியில் கௌரவமாக விடுவிக்கப்பட்ட யாருக்கும் வரிக்குரிய வருமானத்தில் 6,000 டாலர் கழிவு உண்டு. முதல்முறை மட்டும் பணி விடுவிப்புச் சான்றை அனுப்பிப் பதிந்துகொள்ள வேண்டும்.

வீட்டு வரி: மதிப்பில் குறைப்பா, வரியில் குறைப்பா?

அதிகப் பணம் கிடைப்பதும் அதிகக் குழப்பம் வருவதும் சொத்து வரிச் சலுகையில். டெக்சாஸை எடுத்துக்கொள்வோம். அங்கே வருமான வரி இல்லாததற்கு ஈடாகச் சொத்து வரி கனமாக இருக்கும். சாதாரணக் குடும்பம் வாழும் வீட்டுக்கே ஆண்டுக்கு சில ஆயிரம் டாலர் வரும். பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்பதை விஏ சதவீதத்தில் மதிப்பிடும். அந்த மதிப்பீட்டில் விஏ 100 சதவீத இழப்பீடு கொடுக்கும் முன்னாள் படைவீரருக்கு, அவர் குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு முழு விலக்கு. பைசா கட்ட வேண்டாம். உடல்நிலையால் வேலை பார்க்க முடியாதவர் என்று விஏ அறிவித்து 100 சதவீத அளவில் இழப்பீடு கொடுப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

100-க்குக் கீழே வந்தால் நிலைமை தலைகீழ். 70 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 12,000 டாலர். 50 முதல் 69 வரை 10,000. 30 முதல் 49 வரை 7,500. 10 முதல் 29 வரை 5,000. பார்த்தவுடன் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் இது வரியில் கழிவது அல்ல, வீட்டின் மதிப்பில் கழிவது. வரி விகிதம் 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 12,000 டாலர் கழிவால் மிச்சமாவது 240 டாலர். 90 சதவீதம் வாங்குபவருக்கு 240 டாலர், 100 வாங்குபவருக்கு முழு வரியும். இடையில் படிக்கட்டு இல்லை, ஒரே செங்குத்துப் பாறை. நியூ ஜெர்சியில் படைவீரர்களுக்குக் கிடைக்கும் 250 டாலர் சொத்து வரிக் கழிவு இதற்கு நேர்மாறு: அது வரித் தொகையிலிருந்தே நேராகக் குறைகிறது. 250 என்றும் 12,000 என்றும் பார்த்து எது பெரிது என்று முடிவு கட்ட முடியாது.

விஏ சதவீதங்களை நம் வழக்கப்படி கூட்டவும் கூடாது. முதுகுக்கு 50, செவித்திறனுக்கு 50 என்றால் 100 ஆகாது. முதல் 50 போக மீதி இருக்கும் 50-ல் பாதி 25, ஆக 75. அதை 80 என்று முழுமைப்படுத்துவார்கள். முழு விலக்கு கிடைக்கும் என்று எண்ணி வீடு வாங்குவதற்கு முன் விஏ கடிதத்தில் இருக்கும் மொத்த எண்ணைப் பாருங்கள்.

ஃப்ளோரிடா, வர்ஜீனியா, நியூ ஜெர்சி, மேரிலண்ட், மிச்சிகன் ஆகியவையும் முழுப் பாதிப்புக்கு முழு விலக்குத் தருகின்றன. 'முழுமையானது, நிரந்தரமானது' என்ற சொற்கள் விஏ கடிதத்தில் வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இல்லினாய் 70 சதவீதத்திலேயே முழு விலக்குக் கொடுக்கிறது, வீட்டு மதிப்புக்கு ஓர் உச்சவரம்போடு. இது டெக்சாஸ் முறையைவிட நியாயமாக எனக்குப் படுகிறது. ஃப்ளோரிடாவில், பணியில் இருப்பவர் வெளிநாட்டில் குறிப்பிட்ட ராணுவ நடவடிக்கைகளில் இருந்த நாட்களின் விகிதத்துக்கு ஏற்ப, அவருடைய வீட்டு வரியில் விலக்கு உண்டு. ஓக்லஹோமாவில் 100 சதவீதக்காரருக்கு ஆண்டுக்கு 25,000 டாலர் வரையிலான கொள்முதலுக்கு விற்பனை வரியே கிடையாது.

படைவீரர் இறந்த பிறகும் பல மாநிலங்களில் இந்த வீட்டு வரி விலக்கு அவர் துணைக்குத் தொடர்கிறது. மறுமணம் செய்யாதிருக்க வேண்டும் என்பது பெரும்பாலான இடங்களில் நிபந்தனை. துக்கத்தில் இருப்பவருக்கு இதைத் தேடிப் போகத் தோன்றாது. அந்தக் குடும்பத்துக்கு வேண்டியவர்கள் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

எங்கே கேட்பது?

வருமான வரிச் சலுகைக்கு மாநில வரித் துறை. வீட்டு வரிக்கு உங்கள் கவுண்டியின், அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதியின், மதிப்பீட்டு அலுவலகம். ஃப்ளோரிடாவில் மார்ச் 1-க்குள் விண்ணப்பிக்க வேண்டும். டெக்சாஸில் பொதுவாக ஏப்ரல் இறுதி. கையில் வேண்டியவை இரண்டு தாள்கள்: டிடி-214 என்ற பணி விடுவிப்புச் சான்று, விஏ-வின் சதவீதக் கடிதம். டிடி-214 தொலைந்திருந்தால் செயின்ட் லூயிஸில் இருக்கும் தேசியப் பணியாளர் ஆவண மையத்திடம் கட்டணமில்லாமல் நகல் கேட்கலாம். 1973-ல் அந்த மையத்தில் பெருந்தீ பிடித்துப் பழைய ராணுவக் கோப்புகள் கோடிக்கணக்கில் எரிந்து போயின. ஆகவே உங்களிடம் இருக்கும் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

பணியில் இருப்பவர்களும் அண்மையில் வெளியே வந்தவர்களும் 'மில்டாக்ஸ்' என்ற பாதுகாப்புத் துறைச் சேவையில் காசு கொடுக்காமல் வரிக் கணக்குத் தாக்கல் செய்யலாம். பல மாநில வருமானம் உள்ள சிக்கலான கணக்குகளுக்கென்றே அதை அமைத்திருக்கிறார்கள். முகாமில் இருக்கும் சட்ட உதவி அலுவலகம் வசிப்பிடக் கேள்விகளுக்கு நல்ல இடம். வெளியே வந்தவர்களுக்குப் பெரும்பாலான கவுண்டிகளில் படைவீரர் சேவை அலுவலர் ஒருவர் இருப்பார், அவரும் இலவசம். விஏ சதவீதத்தை உயர்த்தித் தருகிறோம், முதல் விண்ணப்பத்துக்கே இவ்வளவு கட்டணம் என்று தொலைபேசியில் பேசுபவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்.

கடந்த ஆண்டுகளில் தவறவிட்டது திரும்பாது என்று விட்டுவிட வேண்டாம். வருமான வரியில் திருத்தக் கணக்குத் தாக்கல் செய்யப் பல மாநிலங்கள் 3 ஆண்டு அவகாசம் தருகின்றன, கலிஃபோர்னியா 4 ஆண்டு. டெக்சாஸில் பாதிப்படைந்த முன்னாள் படைவீரர், வீட்டு வரி விலக்குக்குக் கெடு தவறிப் போனாலும், அந்த ஆண்டு வரி நிலுவையான தேதியிலிருந்து 5 ஆண்டு வரை விண்ணப்பிக்கலாம். கட்டிய வரியைத் திருப்பித் தருவார்கள்.